அம்பு ஒட்டாத பை

மர்பி டவுனில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னாலேயே ஆரோக்கியமேரி வீட்டுக்கு ஆள் வந்துவிடும். சமையலுக்குக் கூப்பிட அல்ல, ஜவுளிக் கடைக்குக் கூட்டிப்போக. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியையே எழுந்து வரச் செய்து, மூக்குக்கண்ணாடி மாட்ட வைத்து, பட்டுப் புடவையின் ஜரிகையில் ஒரே ஒரு இழை பிசகியிருப்பதைக் காட்டி, ஆயிரத்தைந்நூறு ரூபாயைத் தள்ள வைக்க அவளை விட்டால் அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஃபிரிட்ஜோ கட்டிலோ காதுக் கம்மலோ, அச்சடித்த விலையை அச்சடித்தபடியே கொடுப்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. மாமியார் இறந்தபோது சவப்பெட்டிக்காரரிடமே கைப்பிடி ஒன்று ஆடுவதைக் காட்டி, உள்விரிப்பை இலவசமாக வாங்கி வந்தவள். "உள்ள படுக்கறவங்க திரும்பி வந்து கேக்க மாட்டாங்கன்னுதானே இப்படிப் பண்றீங்க?" என்று அவள் கேட்டதற்கு அந்த மனிதர் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இது பிறவிக் குணம் என்று சொல்லிவிட முடியாது. பாதி பிறவி, பாதி உத்தியோகம். அடுகோடியில் வெளிநாட்டுக்குத் தோல் பை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் இருபத்திநாலு வருஷமாக அவள் ஃபைனல் செக்கர். தைத்து முடித்த பை பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாகப் பார்ப்பது அவள் கண்தான். தலைக்கு மேலே இரண்டு டியூப்லைட், எதிரே ஒரு மேஜை, இடது கையில் ஒரு ஸ்டிக்கர் சுருள். கடுகு அளவு சிவப்பு அம்புகள் வரிசையாக அச்சடித்த சுருள் அது. தையல் கோணியிருக்கிறதா, அங்கே ஒரு அம்பு. பசை எட்டிப் பார்க்கிறதா, அங்கே ஒன்று. ஒரு பைக்கு நாற்பது நொடிதான் கிடைக்கும் என்பதால் நின்று நிதானித்துப் பார்க்க நேரம் கிடையாது. சந்தேகம் வந்தால் முதலில் அம்பு, யோசனை அப்புறம். அம்பு வாங்கிய பை ரிப்பேருக்குப் போகும், சரியாகாவிட்டால் ரிஜெக்ட்.

ஒரு தடவை கன்டெய்னர் கிளம்ப நேரமாகிவிட்டதென்று புரொடக்ஷன் மேனேஜர் பெருமாள்சாமி அவள் மேஜைக்கே வந்து, "கொஞ்சம் கண்ண மூடிக்கம்மா" என்று கெஞ்சினார். அவர் திரும்பி நடந்தபோது அவருடைய சட்டைக் காலரில் ஒரு அம்பு ஒட்டியிருந்தது. காலர் தையல் நிஜமாகவே கோணல்தான். அதோடு அவர் தொழிற்சாலை முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டார், சொல்லத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

இப்படிப்பட்டவள் வீட்டில் எல்லாம் பழுதில்லாமல் இருக்கும் என்று நினைத்தால் அங்கேதான் ஏமாறுவோம். ஆரோக்கியமேரி வீட்டில் முழுசான பொருள் என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். குறை இருந்தால் விலை குறையும் என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? யாரோ ஒரு செக்கர் அம்பு ஒட்டி ஒதுக்கி, கமர்ஷியல் ஸ்ட்ரீட் சந்துகளில் குவித்து விற்கும் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் சட்டைகள், பேக்கரியில் உடைந்து போனதால் எடை போட்டுத் தரும் பிஸ்கட், பச்சை மிக்சிக்கு ஆரஞ்சு மூடி. ஒரு வருஷம் சுவரில் தொங்கிய காலண்டரில் ஜூன் மாதத்துக்கு முப்பத்தொரு நாள் இருந்தது. பாதி விலைக்குக் கிடைத்ததோடு ஒரு நாளும் கூடுதலாகக் கிடைத்ததே என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

கணவர் பீட்டரையும் இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. கோலார் தங்க வயலில் இருந்து பட்டாளத்தில் சேர வந்தவர் அவர். தட்டைப் பாதம் என்று மெடிக்கலில் கழித்துக் கட்டிவிட்டார்கள். திரும்பிப் போகக் கூச்சப்பட்டு அல்சூரிலேயே எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டு தங்கிப்போனார். பெண் பார்க்க வந்தபோது இதை ஒளிக்காமல் சொன்னாராம். அப்படியானால் வரதட்சணை பேச வேண்டாம் என்று ஆரோக்கியமேரி உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்தாளாம். "மிலிட்டரி ரிஜெக்ட் மாப்பிள்ளை" என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்தால் பீட்டர் கோபப்பட மாட்டார். "ரிஜெக்டுதான். ஆனா எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்பார்.

பிரச்சினை மகள் யாமினியால் வந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது. பெல்லந்தூர் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதை ஒண்ணாம் தேதியே கொடுத்துவிடுவாள். மற்றபடி சிக்கனக்காரி, அம்மாவின் பெண். அவள் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினாள். தேன் நிறத்தில் ஒரு கைப்பை. பெரிய ரொட்டி ஒன்றை வைத்தால் நிறைந்துபோகிற அளவு.

"எட்டு மாசமா பாத்துனு இருக்கேன்மா. வாங்கலாம்னு இருக்கேன்."

"இன்னா வெல?" என்றாள் ஆரோக்கியமேரி.

யாமினி சொன்னாள். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

பீட்டர் சோறு பிசைவதை நிறுத்தினார். "அதுக்குள்ள இன்னா வச்சுக் குடுக்கறாங்க?"

"ஒண்ணும் இல்லப்பா. காலிப் பைதான்."

ஆரோக்கியமேரி கோபப்படவில்லை. சிரித்தாள். அவள் கோபப்பட்டால் தாங்கிக்கொள்ளலாம், சிரித்தால்தான் கஷ்டம். போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தோல் இவ்வளவு, நூல் இவ்வளவு, ஜிப்பு இவ்வளவு, தைக்கிற கூலி இவ்வளவு என்று விரல் மடக்கினாள். எப்படி இழுத்துப் பிடித்தாலும் ஒன்பதாயிரத்தைத் தாண்டவில்லை.

"மிச்சத்த எதுக்குக் குடுக்கற?"

"அம்பு ஒட்டாததுக்கு" என்றாள் யாமினி.

"இன்னா?"

"இந்த வீட்ல நான் பொறந்ததுலேர்ந்து போட்டது, புடிச்சது, தின்னது எல்லாத்துலயும் ஏதோ ஒரு கொற இருக்கும்மா. அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எனக்குக் கொறையே இல்லாம ஒரே ஒரு பொருள் வேணும். அதுக்கு முழு வெல குடுக்கணும்னா குடுக்கறேன்."

"கொறையே இல்லாத பீஸுன்னு ஒண்ணு கெடையாது. இருபத்திநாலு வருசத்துல நான் பாத்ததில்ல."

"அப்ப வந்து பாரு. ஒரு அம்பு ஒட்ட எடம் இருந்தாக்கூட நான் வாங்க மாட்டேன், அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். இல்லேன்னா முழு வெல, நீ வாயத் தொறக்கக் கூடாது. சரியா?"

"சரி" என்றாள் ஆரோக்கியமேரி. பீட்டர் சோற்றைப் பார்த்தபடியே, "கடைக்காரன் பாவம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் அம்மாவும் மகளும் கோவில் புடவையும் சுடிதாருமாக அப்படியே கிளம்பினார்கள். ஆரோக்கியமேரியின் பையில் ஜெபமாலையோடு டேப், சின்ன டார்ச், பூதக்கண்ணாடி, சிவப்பு அம்புச் சுருள் எல்லாம் இருந்தன. மகளின் பணத்தைக் காப்பாற்றிக் கொண்டுவந்துவிடுவது என்ற முடிவோடுதான் போனாள். அதற்காக இல்லாத குறையை இட்டுக்கட்டுகிற எண்ணம் கிடையாது. அது செக்கருக்குக் கேவலம். இருக்கிற குறையே போதும் என்பது அவள் நம்பிக்கை.

கப்பன் பார்க்கில் மெட்ரோவை விட்டு இறங்கி நடந்தால், பளிங்குத் தரை போட்ட பெரிய மாலில் இருந்தது அந்தக் கடை. நாலு அலமாரிக்குப் பதினைந்து பைதான் வைத்திருந்தார்கள். "சரக்கு வரலையா?" என்று கேட்டாள் ஆரோக்கியமேரி. யாமினி கையை அழுத்தினாள்.

கடை மேனேஜர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். கறுப்புக் கோட்டு, கையில் வெள்ளைத் துணி உறை. கோட்டில் குத்தியிருந்த பட்டையில் நோயல் என்று இருந்தது. முதலில் இங்கிலீஷில் வரவேற்றார். அம்மாவும் மகளும் பேசிக்கொண்டது காதில் விழுந்ததும் தமிழுக்கு மாறினார். அவர் வீடும் இவர்களுக்குப் பக்கத்தில்தான், காக்ஸ் டவுன். தேன் நிறப் பையைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் எடுத்துவந்து கண்ணாடி மேஜை மேல் வைத்தார்.

"மேடம், கிளவுஸ் போட்டுக்கறீங்களா?"

"கிளவுஸ் போட்டா வெரலுக்குக் கண்ணு தெரியாது தம்பி" என்றாள் ஆரோக்கியமேரி. அடுத்த நிமிஷம் பை தலைகீழாக இருந்தது.

நோயல் அந்த உத்தியோகத்தில் எத்தனையோ வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், கணவருக்கு அனுப்பிவிட்டுப் பதில் வராமல் உட்கார்ந்திருப்பார்கள். பைக்குள் தலையை விட்டு டார்ச் அடிப்பவரை அவர் பார்த்ததில்லை. ஆரோக்கியமேரி டேப்பை வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணினாள். கைப்பிடிகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து உயரம் பார்த்தாள். ஜிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை இழுத்து மூடினாள். தோலின் வெட்டு ஓரத்தை நகத்தால் வருடினாள், மோந்து பார்த்தாள். கடையில் மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்த இசைக்கு நடுவே அந்த ஜிப்புச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

அவளைப் போலவே நோயலும் வேர்த்துப் போயிருந்தபோதுதான் பக்கத்து மேஜையில் இருந்த அம்மாள் எழுந்து வந்தார். நல்ல வசதிக்காரர் என்பது பார்த்ததுமே தெரிந்தது. நீல நிறப் பை ஒன்றை முடிவு செய்து பில் போடச் சொல்லியிருந்தார். "ஆன்ட்டி, இதன்னு ஸ்வல்ப நோடி" என்று கன்னடத்தில் கேட்டுத் தன் பையை நீட்டினார். கேட்ட பிறகு பார்க்காமல் இருப்பது எப்படி? ஆரோக்கியமேரி வாங்கினாள், நாற்பது நொடி பார்த்தாள், பூதக்கண்ணாடியை அந்த அம்மாள் கையிலேயே கொடுத்து இரண்டு இடத்தைக் காட்டினாள். ஓர் இடத்தில் தையல் ஒரே துளையில் இரண்டு முறை இறங்கியிருந்தது. இன்னோர் இடத்தில் ஓரப் பூச்சு குமிழி விட்டிருந்தது. கன்னடத்திலேயே விளக்கமும் சொன்னாள். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டு, இன்னொரு பையைக் கொண்டுவரச் சொன்னார். அதிலும் ஒன்று இருந்தது. இரண்டு பையையும் மேஜை மேலேயே விட்டுவிட்டு, ஆரோக்கியமேரியின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நோயல் அவசரமாக ஒரு காப்பி கொண்டுவந்து நீட்டினார். "அக்கா, நீங்க உக்காந்து உங்க பைய மட்டும் பாருங்க" என்றார். மேடம் என்பது எப்போது அக்கா ஆனது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இரண்டு பையில் குறை கண்டுபிடித்த தெம்பில் ஆரோக்கியமேரி மறுபடி தேன் நிறப் பைக்கு வந்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் அகப்படவில்லை. காப்பி ஆறிப்போயிற்று. யாமினி சோபாவில் உட்கார்ந்து அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகு ஒவ்வொரு நிமிஷமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிவதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

உண்மையில் ஆரோக்கியமேரி மிரண்டு போயிருந்தாள். தைத்தவன் மனுஷன்தானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இப்படி ஒரு பீஸ் உலகத்தில் உண்டு என்றால், இருபத்திநாலு வருஷமாக மேஜைக்கு மேஜை அவள் சொல்லிவந்த பேச்சு என்னாவது? அந்தக் கலக்கத்தில் உள்பக்க மடிப்பை ஒரு தடவை விரித்தாள். உள்ளேயும் அதே தேன் நிறத் தோல். ஓரத்துக்கும் தையலுக்கும் நடுவில் இடைவெளி ஒரு மயிரிழை கூடுதலோ என்று கண்ணுக்குப் பட்டது. கை தன் வேலையைச் செய்துவிட்டது. முதலில் அம்பு, யோசனை அப்புறம்.

சிவப்பு அம்பு அங்கே போய் உட்கார்ந்தது.

உட்கார்ந்த பிறகுதான் டேப்பை வைத்து அளந்தாள். அளவு சரியாகவே இருந்தது. மயிரிழைகூடப் பிசகவில்லை. ஒரு பெருமூச்சோடு அம்பை உரித்தாள். அம்பு வந்துவிட்டது, ஆனால் முழுசாகப் போகவில்லை. கம்பெனியில் அவள் கையில் புழங்கிய தோல் எல்லாம் மேலே கெட்டியாகப் பூச்சு ஏற்றிய தோல். ஆயிரம் அம்பு ஒட்டி ஆயிரம் அம்பு உரித்தாலும் அதற்கு உறைக்காது. விலை கூடின இந்தத் தோலுக்கு மேலே பூச்சே கிடையாது. பசை பட்ட இடத்தில் அழகாக, அச்சு எடுத்ததுபோல, கடுகு அளவில் ஒரு வெளுத்த அம்பு விழுந்திருந்தது.

ஆரோக்கியமேரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எச்சில் தொட்டுத் தேய்க்கப் போன விரலை நோயல் பிடித்து நிறுத்தினார். அவர் முகம் சுண்டிப் போயிருந்தது. துணியால் துடைத்தார், ஏதோ களிம்பு போட்டுப் பார்த்தார், ரப்பரால் அழித்துப் பார்த்தார். அம்பு அசையவில்லை.

"தப்பு என்னுதுதான் தம்பி" என்றாள் ஆரோக்கியமேரி. "இன்னா பண்ணணுமோ சொல்லு."

நோயல் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போனில் யாரிடமோ இங்கிலீஷில் பேசுவது கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாயசைப்பாக மட்டும் தெரிந்தது. ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தார்.

"அக்கா, ஹெட் ஆஃபீஸ்ல பேசிட்டேன். இத ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி மேல கலர் குடுத்தா போயிடும். உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இல்ல, இதையே எடுத்துக்கறீங்கன்னா நாப்பது பர்சென்ட் தள்ளித் தரச் சொல்றாங்க. உள்பக்கம்தானே, வெளில யாருக்கும் தெரியாது. புதுசுதான் வேணும்னா உள்ள இன்னும் ஒண்ணு இருக்கு. அது ஃபுல் ரேட்."

நாற்பது சதவீதம். ஆரோக்கியமேரி வாழ்க்கையில் எத்தனை கடை ஏறியிருப்பாள், எத்தனை பேரிடம் வாயாடியிருப்பாள். பளிங்குத் தரையும் ஏசியும் போட்ட கடையில், கேட்காமலே, காப்பியும் கொடுத்து, நாற்பது சதவீதம் எவர் தள்ளியிருக்கிறார்கள்? நாளைக் காலை தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இதைச் சொல்வதற்கான வசனம்கூட அவள் வாய்க்குள் தயாராகிவிட்டது. அம்பு ஒட்டினேன், நாற்பத்தையாயிரம் விழுந்தது என்று ஆரம்பிக்க வேண்டும். தெருவே மூக்கில் விரல் வைக்கும்.

சிரித்துக்கொண்டே மகள் பக்கம் திரும்பினாள். யாமினி பையைப் பார்க்கவில்லை. அம்மாவின் ஆள்காட்டி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பு அம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதையே வாங்கிக்கலாம்மா" என்றாள். "நாப்பது பர்சென்ட் ஆச்சே. உனக்கு சந்தோஷம்னா சரி."

"உனக்கு?"

நோயல் நாசூக்காக நகர்ந்து போய் ஏற்கெனவே நேராக இருந்த பைகளை நேராக்கத் தொடங்கினார்.

"காலேஜ் ஃபர்ஸ்ட் டே நீ ஒரு வெள்ளச் சட்ட வாங்கிக் குடுத்தியே, ஞாபகம் இருக்கா? முதுகுல ஒரு அம்பு இருந்துச்சு. நான் பாக்கல. கேன்டீன்ல ஒரு பொண்ணு அத உரிச்சு எடுத்து எல்லாருக்கும் காட்டினா. இவ செகண்ட்ஸ், கழிச்சுப் போட்ட சரக்குன்னு சொன்னா. சட்டையச் சொல்லல, என்னைச் சொன்னா. மூணு வருசம் எம்பேரே அதான். டிகிரி வாங்கற அன்னிக்குக்கூட பின்னாலேர்ந்து அப்படித்தான் கூப்ட்டாங்க. நானும் திரும்பிப் பாத்தேன்."

ஆரோக்கியமேரிக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. அந்தச் சட்டையை அவளுக்கு ஞாபகம் இருந்தது. நூற்றிருபது ரூபாய். அதன் கைத் தையலை இரவெல்லாம் உட்கார்ந்து பிரித்துச் சரிசெய்தாள், காலரை மாற்றினாள். ஊரில் எந்தப் பெண்ணுக்கும் அவ்வளவு நல்ல சட்டை கிடையாது என்று நினைத்துக்கொண்டுதான் மடித்து வைத்தாள். முதுகைத் திருப்பிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

"ஏன்டி அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ அந்தச் சட்டையத் திருப்பி எடுத்துனு போய் இன்னும் இருவது ரூபா கொறச்சிருப்ப."

அது உண்மைதான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யாமினிக்குச் சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டு, "பரவால்ல விடும்மா, எப்பவோ நடந்தது. அத வாங்கிக்கலாம்" என்றாள்.

ஆரோக்கியமேரி விரலில் இருந்த அம்பை எடுத்துச் சுருட்டிக் காப்பிக் கோப்பையில் போட்டாள். பிறகு நோயலைக் கூப்பிட்டாள்.

"தம்பி, உள்ள இருக்கற புதுசக் கொண்டாங்க."

நோயல் உள்ளே போய்த் துணி உறைக்குள் இருந்த இன்னொரு தேன் நிறப் பையைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை மேஜை மேல் வைத்துவிட்டு அங்கேயே நிற்கவில்லை. இரண்டடி தள்ளி நின்று, சாமி கும்பிடுவதுபோல் கைகளைக் கோத்துக்கொண்டார். "பாருங்க அக்கா" என்றார் தீனமான குரலில்.

"பாக்கல. பில் போடுங்க."

யாமினி நம்பாமல் பார்த்தாள். "செக் பண்ணலையாம்மா? இது வேற பீஸ்."

"நான் பாத்தா ஏதாவது தெரியும்" என்றாள் ஆரோக்கியமேரி. "தெரிஞ்சா சொல்லாம இருக்க என்னால ஆகாது. நீ பாத்துக்கோ, உனக்குப் புடிச்சா போதும்."

யாமினி பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடி முன்னால் நின்றாள். ஒரு தடவை இடது பக்கம், ஒரு தடவை வலது பக்கம் திரும்பினாள். பிறகு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். சிரித்தாள். ஆரோக்கியமேரி அந்த நேரம் முழுக்க விட்டத்தில் இருந்த விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கார்டு தேய்த்தாயிற்று. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம், ஒரு பைசா குறையாமல். ரசீதை வாங்கும்போது ஆரோக்கியமேரியின் முகத்தைப் பார்த்த நோயல், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். வாசல் வரை போய்விட்டு அவள் மட்டும் திரும்பி வந்தாள். அவர் முகம் மறுபடி வெளுத்தது.

"தம்பி, அந்தப் பேப்பர் கவர் ரெண்டு சேத்துக் குடுப்பீங்களா? நல்லா கெட்டியா இருக்கு."

நோயல் நாலு கொடுத்தார்.

மெட்ரோவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எம்.ஜி. ரோட்டில் பாதிப் பேர் இறங்கியதும் இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. யாமினி பையை உறையில் இருந்து எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். "நீயும் புடிச்சுனு இருந்து பாரும்மா, எப்படி இருக்குன்னு" என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தாள். படத்தில் ஆரோக்கியமேரி பக்கத்துக்காரருடைய பிள்ளையை வைத்திருப்பவள்போல் இரண்டு கையையும் விறைப்பாக வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கிட்டீங்களா, எவ்ளோ கொறச்சா?" என்று பீட்டரிடம் இருந்து பதில் வந்தது. யாமினி படித்துக் காட்டினாள். பதில் போட வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள் ஆரோக்கியமேரி.

டிரினிட்டி தாண்டியது. அவள் கண்கள் ஜன்னலில்தான் இருந்தன, சத்தியமாக ஜன்னலில்தான். விரல்களை யார் கட்டுப்படுத்த முடியும்? வலது கை ஆள்காட்டி விரல் பையின் அடிப்பக்கத் தையலில் தானாக ஏறி, மெதுவாக ஊர்ந்து போயிற்று. மூலையைத் திரும்பிற்று. இன்னும் இரண்டு அங்குலம் போய், ஓர் இடத்தில் நின்றது. பின்னால் வந்தது. மறுபடி போய் அதே இடத்தில் நின்றது.

"என்னம்மா?" என்றாள் யாமினி.

ஆரோக்கியமேரி மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு கொறையும் இல்ல."

யாமினி சிரித்துவிட்டு மறுபடி போனுக்குப் போனாள். ஆரோக்கியமேரி அந்தக் கையைப் பையில் இருந்து எடுத்து, இன்னொரு கையால் மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டாள். அல்சூர் வந்து இறங்கும்வரை விடவில்லை.